கரும்பலகையில் முதலிடம்

மழை விட்ட காலை வெயில் ஹனீபா காக்காவின் டீக்கடைக் கரும்பலகையில் சாய்வாக விழுகிறது. அதன்முன் ஸ்டூலில் ஏறி, சாக்பீஸுடன் நிற்கிறான் தமீம். பபேடான் வட்டாரத்தில் பர்மிய எழுத்தை அவனைப்போல் முத்துமுத்தாக எழுத ஆளில்லை. அதனால் கல்லூரிக் கால்பந்து அணிகளின் வரிசையை வாராவாரம் எழுதுவது அவன் வேலை. கடைக்கு வருகிற பழைய ஆட்டக்காரர்கள் கூடிப் பேசி வரிசையை முடிவு செய்கிறார்கள். முதல் நான்கு அணிகளுக்கு டிசம்பர்க் கோப்பையில் இடம். இது கடைசி வாரம்.

"ஒண்ணாவது, துறைமுகக் கல்லூரி" என்கிறார் காக்கா, டீயை உயரத் தூக்கி ஆற்றியபடி. தமீமுக்கு வயிறு எரிகிறது. அவர்கள் ஜெயித்த ஐந்தில் மூன்று, மழைக்குப் பயந்து எதிரணி வராததால் கிடைத்தவை. அவன் கோல் காக்கிற மேற்குக் கல்லூரியோ முழங்கால் சேற்றில் புரண்டு ஆடியது. துறைமுகத்தின் பெயரை மூலையில் பொடியாக எழுதுகிறான். "என்ன தம்பி, எறும்பு ஊர்ற மாதிரி? எல்லாருக்கும் தெரியணும்ல, பெருசா எழுது." ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதுகிறான், அழுக்குநீர் முழங்கைவரை வழிகிறது. ஐந்தாவதாகத் தன் கல்லூரியை எழுதும்போது சாக்பீஸ் ஒடிகிறது.

கீழே துறைமுக அணியின் கேப்டன் தேவராஜ், சேறே படாத பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டபடி அண்ணாந்து பார்க்கிறான். "கோ தமீம்," என்று பர்மிய வழக்கில் அண்ணன் முறை வைத்து அழைக்கிறான், "எங்க பேர இவ்வளவு அழகா யாருமே எழுதினதில்ல."

தமீம் பலகையைத் திரும்பிப் பார்க்கிறான். உண்மைதான். அவன் கல்லூரியின் பெயர்தான் அடியில் கோணிக்கொண்டு நிற்கிறது.