பெட்டி வேண்டாம், பிரஷ் போதும்

பிரஷ் வாங்குவது சும்மா ஒரு சாக்கு. பவுடர் மேடம் அந்த அழகுசாதனக் கடைக்கு வந்ததே கவுண்டரில் நிற்கிற பெண்ணைப் பார்க்கத்தான்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சிரிக்கிற உத்தியோகம் மேடத்துக்கு. பவுடர் மேடம் என்ற பேர், கூட வேலை பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. அவளுக்கு ஒரே பையன். அவன் போயும் போயும் ஒரு கறிக்கடைக்காரர் மகளை விரும்பித் தொலைத்திருந்தான்.

"முட்டைகூட நுழையாத வீடுடா இது! கறிக்கடையிலேருந்து பொண்ணா?" என்று மேடம் ஆடித் தீர்த்துவிட்டாள். முந்தாநாளிலிருந்து அவன் அறையைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. எல்லாம் தன்மேல் உள்ள வீம்பு என்று மேடத்துக்குத் தெரியாதா என்ன?

அப்படி என்ன பெரிய ரதி, பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தாள்.

பார்த்தாள். வெளுத்துப்போன யூனிபார்ம், இழுத்துப் பின்னிய ஒற்றைப் பின்னல். இதுக்கா என் பிள்ளை பட்டினி கிடக்கிறான்?

"என்ன பாக்கறீங்க மேடம்?"

"மேக்கப் பிரஷ். தினம் போட்டுக்க. நல்லதா காட்டு, கண்டதையும் எடுத்து நீட்டாதே."

"பவுடருக்கா, கண்ணுக்கா மேடம்?"

"மூஞ்சிக்கு."

அந்தப் பெண் ஒரு பிரஷை எடுத்து, முடியைச் சுண்டி இழுத்துக் காட்டினாள். ஒன்றுகூடக் கையோடு வரவில்லை. "இது கொட்டாது மேடம். தினமும் போடறவங்களுக்கு..."

"கை கழுவினியா?"

"இப்பதான் மேடம்."

"இல்ல, சில பேர் கை எதையெல்லாம் தொட்டுட்டு வந்திருக்கும்னு சொல்ல முடியாது பாரு."

பெண் பிரஷை நீட்டினாள். மேடம் பிரஷைக் கன்னத்தில் தேய்த்து முகம் சுளித்தாள். "குத்துது. துடைப்பம் தேவலை."

அடுத்தது வந்தது.

"இது சுவத்துக்கு வெள்ளையடிக்கறது."

அதற்கடுத்தது.

"கழுத்து ஆடுது. எங்க டாக்டருக்குத் தலையாட்டற நர்ஸ் மாதிரி. ஆமா, ஏதோ வாடை வருதே இங்க?"

"பக்கத்துல சென்ட் கவுண்டர் மேடம்."

"சென்ட் வாடை எனக்குத் தெரியாதா? இது பொறந்ததுலேருந்து ஒட்டிக்கிட்டு வர்ற வாடை. உங்கப்பா என்ன பண்றாரு?"

திணறுவாள், மென்று முழுங்குவாள் என்று மேடம் காத்திருந்தாள்.

"கறிக்கடை வச்சிருக்கார் மேடம்."

"ஐயோ! அந்த வீட்ல எப்படித்தான் சோறு இறங்குதோ!"

"பசிச்சா இறங்கும் மேடம்." சொல்லிவிட்டுக் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள். "இது பிடிக்குதா பாருங்க."

மேடம் கன்னத்தில் வைத்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. பூனைக்குட்டி உரசினது போல இருந்தது. நெற்றி, மூக்கு, தாடை என்று ஒரு சுற்று போய் வந்தாள்.

"இதாம்மா பிரஷ்! இவ்வளவு நேரம் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"ஒண்ணு சொல்லிடறேன் மேடம். முட்டைகூடத் தொடாதவங்க நீங்க. அது ஆட்டு முடி. பெட்டியிலயே போட்டிருக்கு."

பிரஷ் கன்னத்திலேயே நின்றது. கீழே மட்டும் இறங்கவில்லை. மேடம் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். யாருமில்லை.

"கழுவித்தானே இருப்பாங்க?"

"நல்லா கழுவித்தான் மேடம். ஆடே வேண்டாம்னா செயற்கை முடியில மெத்துனு இன்னொண்ணு..."

"வேண்டாம், வேண்டாம். இதையே குடு. முடிதானே, அதுல என்ன உசிரா இருக்கு?" இன்னொரு முறை கன்னத்தில் ஓட்டிப் பார்த்தாள். "பெட்டி மட்டும் வேண்டாம். வீட்ல எவனாவது படிச்சுத் தொலைப்பான்."

பெண் பெட்டியை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் போட்டாள். பிரஷை மெல்லிய தாளில் சுற்றினாள். இத்தனை குத்துக்கும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மேடத்துக்கே என்னவோ போலிருந்தது. வீட்டில் பிள்ளை காயக் காயக் கிடக்கிறான். இன்னும் எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது? நின்ற இடத்திலேயே பெரிய மனசு பண்ணிவிட்டாள்.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"உள்ள வரும்போதே தெரியும் மேடம். அவர் போன்ல உங்க போட்டோ பாத்திருக்கேன்."

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வரவேற்பில் பழகிய முகம், சட்டென்று சிரிப்புக்கு மாறியது.

"தெரிஞ்சுமா பேசாம நின்னே? பரவாயில்ல, பொறுமை இருக்கு. சரி, நான் ஒத்துக்கறேன். நீயே என் மருமகளா வா."

அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று பார்த்தாள். பெண் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. கல்யாணத்துக்கு உங்கப்பா மட்டும் வர வேண்டாம். வெளிநாட்டுல வேலை, லீவு கிடைக்கலைன்னு சொல்லிக்கலாம். நாலு பேர் வர்ற இடம் பாரு. என்ன சொல்றே?"

பெண் பையை நீட்டினாள்.

"இதையேதான் மேடம் முந்தாநாள் உங்க பையனும் கேட்டார். கல்யாணமே வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டேன். வீட்ல சொல்லலையா?"