எழுபத்தெட்டு மில்லிமீட்டர்

“போன மாசம் மட்டும் உங்க வார்டுல இருபத்தாறு நாள் மழை பெஞ்சிருக்கும்மா. அப்புறம் எதுக்குத் தண்ணி லாரி?” என்று கேட்டுவிட்டு, குடிநீர் அதிகாரி நாற்காலியை மின்விசிறிக்கு நேராக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு நாளா? காயப்போட்ட துணியை ஒருநாள்கூட அவள் ஓடிப்போய் எடுத்ததில்லை. தெருவில் நடந்தால் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. பச்சைக் குழந்தையை இன்னும் ஒருநாள்கூடத் தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டவில்லை, ஈரத்துணியால் துடைத்தே சமாளிக்கிறார்கள். அதை நினைத்தால் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது.

“ஒரு தூறல்கூட விழலையே சார்!”

“நீங்க சொன்னா ஆச்சா? பதிவேடு சொல்லணுமே.” அதிகாரி கண்காட்ட, கிளார்க் தடிமனான நோட்டைக் கொண்டுவந்து பிரித்தார். “பாருங்க. தினமும் மூணு மில்லிமீட்டர். மொத்தம் எழுபத்தெட்டு. மாசத்துக்கு அம்பதைத் தாண்டினா லாரி கிடையாதுன்னு விதி. விதியை நான் மாத்த முடியுமா?”

தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணால் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லா நாளும் மூன்று. நாலே நாள் மட்டும் பூஜ்யம். நாலும் ஞாயிறு.

“ஞாயித்துக்கிழமை மட்டும் மழை லீவு போடுதா சார்?”

“இயற்கையோட போக்கை நாம என்னம்மா கண்டோம்?”

கிளார்க்குக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சம்பளத்தை நினைத்து அதை விழுங்கிவிட்டார்.

“இன்னொண்ணும் கேட்டுக்கோங்க” என்றார் அதிகாரி. “கோடை முன்னறிவிப்பும் தயார் பண்ணியாச்சு. வர்ற மாசம் உங்க வார்டுல மழை வழக்கத்தை விட மூணு மடங்கு. உங்க தெரு பள்ளமான தெரு வேற. வந்தது வந்தீங்க, இந்த நோட்டீஸை வீட்டுக்கு வீடு கொடுத்துடுங்க.”

வெள்ள எச்சரிக்கை! தாழ்வான பகுதி மக்கள் மேட்டுக்குச் செல்லத் தயாராக இருக்கவும், தேவையான குடிநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

“எந்தத் தண்ணியை சார் சேமிக்கிறது?”

“அதெல்லாம் பொதுவா போடுறதும்மா.”

“சரி, அந்த மழை அளக்கிற கருவியை நான் என் கண்ணால பார்க்கணும்.”

“கருவி பொய் சொல்லாது.”

“நானும் சொல்லலையே சார். ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்துங்க. யாருன்னு பார்த்துடலாம்.”

அதிகாரிக்கு ஒரு பயமும் இல்லை. “தாராளமா பாருங்க. இவர்தான் தினமும் காலையில போய் அளவு எடுக்கிறார். நாளைக்கு இவர்கூடவே போங்க” என்றார், தங்கமான மனிதர் போல.

மறுநாள் ஆறு மணிக்கே அவள் கிளார்க்கோடு நடந்தாள். இன்று பொய் என்று நிரூபித்துவிட்டால் நாளைக்கே லாரி வரும், பேரனுக்குக் குளியல் உண்டு.

“யாராவது திருட்டுத்தனமா அதுல தண்ணி ஊத்துறாங்களோ சார்?” என்று கேட்டாள்.

“இந்த வறட்சியில தண்ணியைக் கொண்டுபோய் மழைமானியில ஊத்த எவனுக்கும்மா மனசு வரும்? எனக்கு மூணுன்னு காட்டுது, மூணுன்னு எழுதுறேன். அதுக்கு மேல யோசிக்கிற வேலை எனக்குக் கொடுக்கலை.”

“அது எங்கே இருக்கு?”

“முன்னாடி ஆபீஸ் மாடியில இருந்துச்சு. மாடியில வைக்கக் கூடாது, நல்ல புல்தரையா பார்த்து வைங்கன்னு மேலிடத்துல உத்தரவு.”

“இந்த ஊர்ல புல்தரையா!”

“தேடு தேடுன்னு தேடி ஒரே ஒரு இடம் கிடைச்சது” என்றபடி அவர் ஓர் உயரமான மதிலை ஒட்டித் திரும்பினார்.

அப்போது அவள் கன்னத்தில் பொட்டென்று ஒரு துளி விழுந்தது. தொட்டுப் பார்ப்பதற்குள் இன்னொன்று. பிறகு நெற்றி, தோள், கை என்று சடசடவென்று விழுந்தது.

“மழை!”

தையல்காரம்மா நின்ற இடத்திலேயே முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். மனசு குளிர்ந்துபோயிற்று. பாவம், அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கண்ணைத் திறந்தாள். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

கிளார்க் மதிலின் கேட்டைத் திறந்தார். உள்ளே அதிகாரியின் பங்களா, அதன் முன்னால் பச்சைப்பசேலென்று புல்வெளி, அதன் நடுவில் மழைமானி. பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அவள் தெருவுக்கு வழக்கமாக வரும் டிரைவர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, நாலாபக்கமும் வாரி அடித்துக்கொண்டிருந்தார்.

“அட, வாங்கக்கா!” என்றார் டிரைவர் வாயெல்லாம் பல்லாக. “முன்னாடியெல்லாம் உங்க தெருவுக்கு ஊத்தினது போக மிச்சத்தைத்தான் இங்கே அடிப்பேன். இப்பதான் உங்க பக்கம் நல்ல மழையாமே, ஞாயித்துக்கிழமை லீவு போக தினமும் முழு லாரியும் ஐயா வீட்டுப் புல்லுக்கேதான்!”