சத்தம் வராத காலை

"மாத்திரை போட்டுட்டுத்தானே உக்காந்தீங்க? அப்புறமும் ஏன் சார் இந்தக் கத்து கத்துறீங்க?" என்று சலித்துக்கொண்டார் பிசியோதெரபிஸ்ட் ஹரிஷ்குமார்.

"போட்டேன்பா. கேக்க மாட்டேங்குது," என்றார் இராஜமாணிக்கம்.

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகியும் இதே கதைதான். பெங்களூர் ஹெப்பகோடி அபார்ட்மென்டில் மகள் அனுஷா வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். ஹரிஷ்குமார் போனில் சொன்னதைக் கேட்டு மறுநாள் லீவு போட்டாள். பயிற்சிக்கு முன்பே வலி மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, அப்பா விழுங்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

அன்று முட்டி சொன்னபடி மடங்கியது. அவரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. ஹரிஷ்குமார் சந்தோஷமாகக் கிளம்பினார். அனுஷாவும் காய்கறி வாங்கக் கீழே போனாள்.

இராஜமாணிக்கம் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவர் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு உட்கார்ந்தார். வலியில் கத்தினால்தான் எதிர்வீட்டில் தனியாக இருக்கும் லட்சுமம்மா காபியோடு ஓடி வருவார். இவர் வலியை மறக்கட்டும் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்.

காலிங் பெல் அடித்தது. காபியோடு லட்சுமம்மாதான் நின்றார்.

"சத்தமே காணோமே சார். பயந்துட்டேன்."

"இன்னைக்கு வலி இல்லம்மா."

"நல்லதாப் போச்சு," என்றவரின் முகம் வாடியது. "அப்போ இனிமே நான் வர வேண்டியதில்ல."

அவர் திரும்புவதற்குள் இராஜமாணிக்கம் அவசரமாகச் சொன்னார்: "இன்னொரு முட்டியும் தேஞ்சிருக்காம். அதையும் மாத்திக்கலாம்னு இருக்கேம்மா."