இருநூற்றுப் பன்னிரண்டாம் கல்

எங்கள் அரியலூர்த் தொல்கடல் தேடல் கழகத்தின் ஐந்தாண்டு வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. வரலாறு என்ன வரலாறு, தமிழழகனின் பயோடேட்டா.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்து கல்லாகிப்போன நத்தைகளைத் தேடி ஓடை ஓடையாக அலைவதுதான் கழகப் பணி. கண்டெடுத்தவர் கல்லின் மேல் வெள்ளை பெயின்டில் வரிசை எண்ணும் தன் பெயரும் எழுத வேண்டும். இதுவரை 211 கற்கள். நூற்று நாற்பது தமிழழகனுடையவை. என்னுடையது ஒன்று. அதையும் அவன்தான் காலால் தட்டி, "இந்தாடா, எடுத்துக்க" என்றான்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் என் பெயரும் கொஞ்சம் ஏற வேண்டாமா? ஞாயிறு காலை யாரிடமும் சொல்லாமல் ஓடைக்குப் போனேன். தலையளவு சுண்ணாம்புக்கல் உருண்டை ஒன்றைச் சுத்தியலால் பிளந்தேன். உள்ளே சுருள் கலையாத நத்தை. அதன் மேல் வெள்ளை பெயின்டில், அவன் கையெழுத்தில்: 212, தமிழழகன்.

போன் போட்டேன். தா.பழூரில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சொல்லு கொளஞ்சி."

"212 நீ எழுதுனியா?"

"211 வரைக்கும்தானடா ஆயிருக்கு. ஏன், கல்லு கெடச்சிடுச்சா? ஒன் பேரையே போட்டுக்கடா, பாவம்."

அந்தப் 'பாவம்' எரிந்தது. அவன் பெயரைச் சுரண்டிவிட்டு அடுத்த உருண்டையைப் பிளந்தேன்.

213, கொளஞ்சி.

கையெழுத்து அவனுடையது. என் பெயரைக்கூட என்னைவிட அழகாக எழுதியிருந்தான்.