பூமிநாதனுக்கு மோட்சம்

பூமிநாதனுக்கு வைத்த பிண்டத்தைக் காக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக் காக்கைகள் ஒரு பந்தியையும் தவறவிடாதவை. அவையே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"மனசுல ஏதோ ஒட்டு மிச்சம் இருக்கு. அது அறுந்தாத்தான் காக்கா எடுக்கும். காக்கா எடுத்தாத்தான் விடுதலை. என்ன குறைன்னு பாத்து, வாக்குக் குடுத்து அனுப்பி வைங்கோ" என்றார் சாஸ்திரிகள்.

பூமிநாதனின் மனைவி கோகிலா முன்னால் வந்தாள். தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். பக்கத்தில் திதி கொடுக்க வந்த பெண்கள் முகவாயில் கை வைத்தார்கள். "இந்த நேரத்துலயும் என்னா சோக்கு பாரேன்!"

"மகள நல்ல எடத்துல கட்டிக் குடுத்துடுறேன்" என்றாள் கோகிலா. காக்கை சுவர் மேலேயே அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"மொளகாக் காட்டுக்கு நேரத்துல தண்ணி பாச்சிடுறேன். செவலக் கண்டுக்குட்டிய விக்க மாட்டேன்."

காக்கை கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது.

மொட்டையடித்து, ஈரவேட்டியோடு பிண்டம் வைத்தவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். காலையிலிருந்தே அவருக்கு மௌனம்.

பங்காளி தர்மராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. பல வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காத மனிதர். இன்றைக்குக் கடலாடியில் வேன் வந்ததும் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்தவர். "மதினி, அண்ணன் நிம்மதியாப் போகட்டும். வேற எதாச்சும் இருக்கான்னு நல்லா ரோசனை பண்ணுங்க."

கோகிலா ரோசித்தாள். அடுத்து சொன்னதை அவள் காக்கையைப் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, சத்தமாகவே சொன்னாள். "மேக்கு வரப்புல தகராறு கெடக்குதே, அந்த அரையடி நெலம்... அத நம்ம தர்மராஜு தம்பிக்கே விட்டுக் குடுத்துடுறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, காக்கை விருட்டென்று இறங்கியது. "ஆகா, அறுந்துடுத்து!" என்று சாஸ்திரிகள் கும்பிட்டார். தர்மராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அலகு பிண்டத்தில் படுவதற்குள் ஈரத்துண்டு ஒன்று சுளீரென்று சுழன்று வந்தது. "ச்சூ! போ!" மொட்டைத்தலைக்காரர் காக்கையை அலை நுரை வரைக்கும் விரட்டிக்கொண்டு ஓடினார்.

சாஸ்திரிகள் பதறிப்போனார். "பூமிநாதன், என்ன ஓய் இது? சன்னியாசம் வாங்கணும்னு உமக்கு நீரே வச்ச பிண்டமாச்சே!"

மூச்சு வாங்கத் திரும்பி வந்த பூமிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சன்னியாசம் கெடக்கட்டும் சாமி, மொதல்ல வேன வரப்புக்கு விடச் சொல்லுங்க!"