கல்லில் ஒரு கிரேக்கச் சொல்
"நிறுத்துங்கண்ணே!" என்று கத்தியபடி போதகரின் மனைவி பட்டறைக்குள் ஓடி வருகிறாள். கல் கொத்துபவரின் உளி அந்தரத்தில் நிற்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் வெள்ளைத் தூசி மெல்லச் சுழல்கிறது. பலகையின் மேல் அவள் மகளின் கல்லறைக் கல் கிடக்கிறது. பெயர் முடிந்துவிட்டது. அதன் கீழே, போதகர் எழுதிக் கொடுத்த கிரேக்கச் சொல்லில் மூன்று எழுத்துகள் மட்டும் விழுந்திருக்கின்றன. படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் கார்பன் தாள் வைத்து நகலெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொத்தியிருக்கிறார். "தலைகீழா கொத்திட்டேனாம்மா? எனக்கு எல்லாமே கோழிக் கிறுக்கலாத்தான் தெரியுது" என்று பதறுகிறார். வேலையைப் பார்த்தபடி ஓரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்த போதகர் எழுகிறார். அவர் கண்ணாடியிலும் கல்தூசி படிந்திருக்கிறது. "உங்க மேல தப்பில்லண்ணே" என்றவர், மனைவியின் பக்கம் திரும்புகிறார். "வேதத்துல இறந்தவங்களுக்குச் சொல்ற வார்த்தைம்மா. தூங்குறாங்கன்னு அர்த்தம். லாசரு செத்தப்போ இயேசுவே அப்படித்தான் சொன்னாரு. எத்தனை அடக்கத்துல இதை வச்சு நான் பேசியிருக்கேன், உனக்குத் தெரியாதா?" அவர் குரல் தேவாலயத்தில் ஒலிப்பதுபோல் நிதானமாக வருகிறது, விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகுகின்றன. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறாள். மண்டியிட்டு, அந்த மூன்று எழுத்துகளையும் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். வளையல்கள் கல்லில் உரசி மெல்ல ஒலிக்கின்றன.

"அன்னிக்குக் காலையில நானும் அப்படித்தாங்க நெனச்சேன். தூங்குறா, எழுப்ப வேணாம்னு கதவை மெதுவா சாத்திட்டுப் போய்ச் சமைச்சுக்கிட்டிருந்தேன்."