நாலாவது கம்ப்ளைண்ட்

நாலாவது தடவையாக வாசலில் வந்து நின்ற ஏசி மெக்கானிக்கை அந்த வீட்டு அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். எமனே ஒரே தடவையில் வேலையை முடித்துவிட்டுப் போகிறான் என்பதுபோல் இருந்தது பார்வை.

“வந்துட்டியா தம்பி? ராத்திரி பூரா கடகடகடன்னு. வேற ஒரு சத்தம் காதுல விழமாட்டேங்குது.”

மூன்று தடவையும் இதையேதான் சொன்னாள். மூன்று தடவையும் அவன் வந்து சுவிட்சைப் போட்டால் ஏசி பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தது. டாக்டரைக் கண்ட பல்வலி.

சும்மா திரும்பினால் மரியாதை இல்லையே என்று முதல் தடவை புஷ்ஷை மாற்றினான். அடுத்த தடவை ரப்பரை. மூன்றாவது தடவை மோட்டாரையே. ஒவ்வொரு தடவையும் மறுநாளே போன் வந்தது.

இன்று காலை சூப்பர்வைசர் நீட்டி முழக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து இன்னொரு போன் வந்தால் டூல் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பு என்றார்.

அவனை நம்பி வீட்டில் ஐந்து வயிறு.

அதனால்தான் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பத்துக்கே வந்து நின்றான்.

சுவிட்சைப் போட்டான்.

கடகடகட.

ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். காற்றைத் தள்ளும் உருளையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஓர் அட்டைத் துண்டு. கத்தரிக்கோலால் நறுக்கி, நாலாக மடித்து, சுற்றும்போது பட்டும் படாமலும் உரசுகிற மாதிரிப் பதமாகச் செருகியிருந்தார்கள். எலி வேலை இல்லை. எந்த எலியும் தங்க எழுத்து அச்சடித்த அட்டையைத் தேடிப் போகாது.

பிரித்தான். ‘தங்கள் நல்வரவை’ என்றது அட்டை. மீதியைக் கத்தரிக்கோல் தின்றிருந்தது.

கல்யாணப் பத்திரிகை.

அறை வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்ற மருமகள் அட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மாமியாரின் முதுகைப் பார்த்தாள். கல்யாணமாகி நாலு மாதம் என்று போன தடவை மாமியாரே சொல்லியிருந்தாள். தினமும் இந்த அறையைப் பெருக்க வருகிறவள் இவள்தான். மெக்கானிக் வருகிற நாளில் மட்டும் ஒட்டடையும் அடிப்பாளாக்கும்.

அவன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியை மாட்டி, மறுபடி சுவிட்சைத் தட்டினான். ஏசி தூங்கும் பூனை மாதிரி மூச்சு விட்டது.

அந்த அமைதியில் பக்கத்து அறையில் மகன் தும்மினான்.

மெக்கானிக் திடுக்கிட்டுத் தன் தோளைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

நடுவில் இருந்தது சுவரே இல்லை. ஒரே பெரிய அறையைக் கல்யாணத்துக்காகப் பிளைவுட் அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். ஏசிக் காற்று விழுவது ஜன்னல் பக்கம். அம்மாளின் கட்டிலோ எதிர்ப்பக்கம், பிளைவுட்டோடு ஒட்டி உறவாடிக்கொண்டு கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய குளிரை விட்டுவிட்டுப் பலகைக்குத் தலைவைத்துப் படுக்கிற வாடிக்கையாளரை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை.

“ஆங்! இப்பதான் எல்லாம் நல்லா கேக்குது” என்றாள் அம்மாள். முகத்தில் பரம திருப்தி.

மெக்கானிக்குக்கு உறைத்தது.

அட்டையை எடுத்துவிட்டுப் போனால் நாளைக்கே இன்னொரு அட்டை ஏறும். ஒரு கட்டுப் பத்திரிகையாவது மிச்சம் இருக்கும். ஏறினால் போன் வரும். போன் வந்தால் பை மேசைமேல். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

“பக்கத்து ரூம் ஏசியையும் ஒரு தடவை பாத்துடறேம்மா. காசு வேணாம்.”

மகன் கட்டிலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். மெக்கானிக் ஸ்டூலில் ஏறினான். கை சட்டைப் பைக்குள் போய் வந்தது. எங்கே செருக வேண்டும், எவ்வளவு மடிக்க வேண்டும் என்று விரல்கள் யோசிக்கவே இல்லை. டார்ச்சும் தேவைப்படவில்லை.

கடகடகட.

“அய்யய்யோ, இங்கயும் ஆரம்பிச்சிடுச்சே! நிறுத்து தம்பி அதை!” அம்மாள் ஓடி வந்தாள்.

“இது அவங்க ஏசிம்மா. கம்ப்ளைண்ட் அவங்கதான் குடுக்கணும்.”

“எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லண்ணா” என்றாள் மருமகள். யாரும் கேட்பதற்கு முன்பே பதில் வந்து விழுந்தது. மகன் போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

“உங்க ஏசி சத்தம் நின்னுடுச்சில்லம்மா?” என்று மெக்கானிக் வேலை முடிந்ததற்கான காகிதத்தை நீட்டினான்.

நின்றுவிட்டது. அதை இல்லை என்று சொல்ல அம்மாளுக்கு வழியில்லை. கையெழுத்தைப் போட்டு, பேனாவை முகத்தில் எறியாத குறையாகத் திருப்பித் தந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து டூல் பையைக் கீழே வைப்பதற்குள் அவனுடைய அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“ஊர்ல இருக்கிற ஏசியெல்லாம் சரி பண்றே. உன் ரூம் ஓட்டை ஏசி பத்து வருஷமா மாவு மில்லு மாதிரி ஓடுது. ராத்திரியானா என் பக்கத்துச் சுவரே அதிருது. அதை என்னைக்குடா பாக்கப்போறே?”

“பார்ட் கிடைக்கலம்மா.”

மூன்றாவது பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.